கரி பூசுகிறவன் மேல் கேமரா

புது வண்ணாரப்பேட்டை

அன்புள்ள செல்வம்,

வீட்டில் எல்லாரும் சௌக்கியமா? ஸ்கிரிப்ட் கிடைத்தது. அடையாறு பங்களாப் பையன் காசிமேட்டு ரவுடி வேஷத்துக்காக இரண்டு ஷேடு கறுப்பாகி நம்ம பேச்சைப் பழக வருகிறான் என்கிற லைன் ஜோர்டா. ஆனால் சிரிப்பு அவன் மேல் விழவில்லை, அவன் பூசிய நிறத்தின் மேல் விழுகிறது.

‘டிராபிக் தண்டர்’ (2008) இன்னொரு தரம் பார். ராபர்ட் டவுனி ஜூனியரின் ஆஸ்திரேலிய நடிகன் தோல் நிறத்தையே மாற்றிக்கொண்டு கறுப்பின சார்ஜென்டாக நடிப்பான். பக்கத்திலேயே பிராண்டன் ஜாக்சன் கறுப்பின ராப் பாடகராக நின்று, அவன் உளறுவதை அங்கேயே மடக்குவார். அவரைத் தூக்கிவிட்டால் மிச்சம் வெறும் கரிதான். படம் வந்தபோது மாற்றுத்திறனாளி அமைப்புகள் போராடியது எதற்கு? அறிவு வளர்ச்சிக் குறைபாட்டைக் கேலி செய்த வசைக்காக. அந்தப் பக்கம் நின்று திருப்பிக் கேட்க திரையில் ஆளே கிடையாது.

நம்ம ‘சிவாஜி’யில் (2007) அங்கவை, சங்கவைக்கும் அதே கதி. கறுப்பாக வந்து நிற்பதோடு அவர்கள் வேலை முடிந்தது. பாரி மகள்கள் பெயர் வேறு! கோபமே வருகிறது.

ஸ்பைக் லீயின் ‘பம்பூசில்ட்’ (2000) வேறு வழியில் போகும். கார்க்கில் சாராயம் ஊற்றிக் கொளுத்தி, பொடித்து, தண்ணீர் விட்டுக் குழைத்து முகத்தில் அப்புவதை நிதானமாகக் காட்டுவார். பூசுவதைப் பார்த்தபிறகு அந்த முகத்தைப் பார்த்துச் சும்மா சிரிக்க முடியாது.

அதனால் உன் மேக்கப் ரூம் சீனை வெட்டாதே, நீட்டு. காது மடல், விரல் இடுக்கு, கழுத்தின் பின்பக்கம் மூன்றிலும் பூச்சு விட்டுப்போகும். ஹீரோவுக்கு வெள்ளைச் சட்டை கொடு. மீன்பிடித் துறைமுகத்து வெயிலில் வியர்த்து, காலரில் கறை ஏறட்டும். அதைத் துடைக்க அசிஸ்டென்ட் பின்னாலேயே ஓடட்டும். சிரிப்பு தானாக இடம் மாறும்.

பேச்சு சொல்லித்தரும் காசிமேட்டு ஆள் பதினாலாம் பக்கத்தில் வந்து ‘இன்னா சார்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறான். மூணாம் பக்கத்துக்குக் கொண்டுவா. உத்தமனாக்காதே, காசில் கறாரான ஆளாக வை. சொல்லுக்கு இவ்வளவு என்று ரேட் பேசி, பழைய சினிமாவில் மட்டும் மிச்சமிருக்கிற ‘கஸ்மாலம்’ வகையறாவை விற்கட்டும். ஹீரோ ‘இஸ்துகினு’ கேட்டுவிட்டு, ‘வூடுகினு’, ‘மீன்கினு’ என்று எல்லாவற்றிலும் ஒட்டவைப்பான். தெருப் பசங்க சிரிக்கிற சிரிப்பு அவனுக்குப் பாராட்டாகப் படும்.

எடிட்டில் ஒன்று கவனி. நிறத்தைப் பற்றி ஜோக் விழுந்ததும் யூனிட் சிரிக்கிற ஷாட்டுக்கு வெட்டினால் பார்க்கிறவனுக்குச் சிரிக்க உத்தரவு கொடுத்த மாதிரி. பேச்சு சொல்லித்தருகிற காசிமேட்டு ஆள் முகத்துக்கு வெட்டு, இரண்டு செகண்ட் நிறுத்து. பின்னணியில் ‘டொய்ங்’ வேண்டாம்.

சாவு வீட்டில் பாடுகிற மரண கானாவைக் குத்துப்பாட்டாக மாற்றும் சீன் அப்படியே இருக்கட்டும், அது தயாரிப்பாளர் மேல் விழுகிற அடி. நிஜத்தில் அதைப் பாடப்போகிறவருக்கு மட்டும் ரெக்கார்டிங்குக்கு முன்பே பணம் கொடுத்து, டைட்டிலில் பாடல் வரிக்கும் பெயர் போட்டுவிடு.

அன்புடன்,
மணி