கோவையில் கன்ட்ரோல் போர்டு வடிவமைக்கும் நண்பர்களுக்கு ஒரு மடல்

வணக்கமுங்க. கணபதியில் மில் போர்டுகளைப் பழுது பார்க்கிறவன் நான். கணபதி, பீளமேடு, சிங்காநல்லூர் என்று நம்ம பட்டறைகளில் போர்டு போடுகிற எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்: ஐசியில் பயன்படாத கன்ட்ரோல் பின்களைத் தொங்க விடாதீர்கள்.

போன மாதம் பல்லடம் பக்கத்து நூற்பாலை ஒன்றிலிருந்து ஈரப்பதம் காட்டும் மீட்டர் போர்டு வந்தது. பிட்டர் கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் ரீடிங் தாவும், எடுத்தால் அடங்கும். சென்சாரை மாற்றி, கேபிளை மாற்றி, எர்த்தை இரண்டு தடவை பார்த்து அலுத்துப்போய் அனுப்பியிருந்தார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தேன், ஒரு 4066, சிக்னலை விடவும் நிறுத்தவும் செய்யும் சுவிட்ச் ஐசி. உள்ளே நான்கு சுவிட்ச், பயன்பட்டது இரண்டு. மீதி இரண்டை ஆன், ஆஃப் செய்யும் கன்ட்ரோல் பின்கள், 6-ம் 12-ம், எதிலும் சேராமல் நின்றன. 6-ஐ ஒட்டியே 7, அதுதான் கிரவுண்டு. ஒரு பொட்டு ஈயத்தில் இரண்டையும் சேர்த்து, 12-லிருந்து ஐசி மேலேயே மெல்லிய ஒயரை 7-க்கு இழுத்தேன். பிறகு கையைக் கொண்டுபோனாலும் ரீடிங் அசையவில்லை.

கன்ட்ரோல் பின் ஐசிக்குள் இருக்கும் சிமாஸ் டிரான்சிஸ்டர்களின் கேட் முனைக்குப் போகிறது, அதற்குக் கரண்ட் ஏறக்குறைய வேண்டியதே இல்லை, அதனால் சுற்றியிருக்கும் மின் லைனின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலே அதை ஆட்டப் போதும். வோல்டேஜ் நடுவில் நின்றால் மேல் டிரான்சிஸ்டரும் கீழ் டிரான்சிஸ்டரும் ஒரே நேரத்தில் பாதி திறந்து, சப்ளையிலிருந்து கிரவுண்டுக்குக் கரண்ட் நேராக ஓடும். அந்தப் போர்டின் சப்ளையோ ஒரு ரெசிஸ்டரும், வோல்டேஜை நிலைநிறுத்தும் ஒரு ஜீனர் டயோடும்தான், கொஞ்சம் கரண்ட்தான் தரும், அது எப்படித் தாங்கும்?

பயன்படாத கன்ட்ரோல் பின்னைக் கிரவுண்டோ பிளஸ்ஸோ, எதிலாவது கட்டுங்கள், ஆனால் சுவிட்ச் ஆஃபாகும் பக்கமாகக் கட்டுங்கள். 4066-க்குக் கன்ட்ரோல் கீழே இருந்தால் ஆஃப். டிஜி411 என்ற இன்னொரு சுவிட்ச் ஐசிக்குக் கீழே இருந்தால் ஆன், நேர்மாறு. சுவிட்ச் ஆஃபில் இருந்தால் அதன் சிக்னல் பின்களைத் திறந்தே விடலாம், கிரவுண்டில் சேர்த்தால் இரைச்சல் இன்னும் குறையும்.

4051, அதாவது எட்டு சேனலில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒரு பொதுப் பின்னோடு சேர்க்கும் ஐசி போடுகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பயன்படாத சேனலை நேராகக் கிரவுண்டில் கட்டினால், புரோகிராம் தவறி அதைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் பொதுப் பின்னே ஷார்ட் ஆகிவிடும், ஒரு 10 கிலோ ஓம் நடுவில் இருக்கட்டும். மைனஸ் சப்ளை இல்லாத ஒற்றை சப்ளை என்றால் விஇஇ, அதாவது மைனஸ் சப்ளைக்கான 7-ம் பின், கிரவுண்டுக்குப் போயே ஆக வேண்டும். அதைத் தொங்க விட்ட போர்டுகளும் என் மேஜைக்கு வந்திருக்கின்றன.

அந்த ஆலையில் மீட்டரை நம்ப முடியாமல் ஒரு பையன் ஷிப்டுக்கு ஷிப்டு கையால் ஈரம் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த லேஅவுட்டை பிசிபிக்கு அனுப்பும் முன் இந்தப் பின்களை ஒரு தடவை எண்ணிப் பாருங்கள், நண்பர்களே, ஒரு டிராக் இழுக்கக் கூடுதல் செலவு இல்லை.