ஏழு பூச்சியங்கள்

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

அன்பின் மச்சான்,

நலம், ரொறன்ரோவில் உங்கள் அனைவரதும் நலமறிய ஆவல். சித்திரையில் வந்த கடிதத்துக்கு ஐப்பசியில் பதில் எழுதுகிறேன். என் சோம்பலைப் பற்றி நீ எழுதப்போகும் இரண்டு பக்கங்களையும் இப்போதே வாசித்துவிட்டதாக வைத்துக்கொள். பெரியக்காவின் மகளுக்குக் கலியாணம் சரிவந்துவிட்டது. நாம் சின்ன மேளம் என்று கூப்பிடுபவனுக்கு மூச்சுமுட்டு இன்னும் விடவில்லை, பேச்சும் விடவில்லை.

தை மாதத்திலிருந்து நான் நமது பாடசாலைக்குக் கிழமையில் மூன்று நாள் போய்வருகிறேன், பாண்ட் பழக்க. சிரித்து முடித்தபின் மிகுதியை வாசி.

நாம் மைதானத்தைச் சுற்றி ஊதிக்கொண்டு நடந்த பாண்ட் அல்ல இது. முப்பத்திரண்டு பிள்ளைகள் மண்டபத்தில் கதிரை போட்டமர்ந்து, முன்னால் இசைத்தாளை வைத்துக்கொண்டு, புல்லாங்குழலும் கிளாரினெற்றும் சக்ஸபோனும் ட்ரம்பெற்றும் ட்ரொம்போனும் தத்தம் பங்கை வாசிக்க, ஒன்றாகக் கேட்கவேண்டிய இசை. மைதானத்தில் பெரிய ட்ரம் நம் பாவங்கள் அனைத்தையும் மூடிவிடும் என்பது உனக்குத் தெரியாததல்ல. மண்டபத்தில் அந்தச் சலுகை கிடையாது. ஒரு பிள்ளை மூச்சை எந்த இடத்தில் எடுத்தது என்பதுகூடப் பின்வரிசை வரை கேட்கும். கார்த்திகையில் பரிசளிப்பு விழா. மூன்று உருப்படிகள் வாசிப்பதாக அதிபரிடம் வாயைக் கொடுத்துவிட்டேன்.

உன் மகளின் பாடசாலையில் பாண்ட் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அறிவுறுத்தல் தாளைப் படமெடுத்து அனுப்பியிருந்தாயல்லவா? அதைப் பார்த்து நானும் ஒன்று எழுதி, நகலெடுத்து, எல்லோருக்கும் கொடுத்தேன். பயிற்சிக்குப் பத்து நிமிடம் முன்னதாக வந்து வாத்தியத்தைப் பூட்டிச் சூடேற்றவேண்டும். கடலையும் ரொபியும் தின்ற வாயைக் கொப்பளித்த பின்பே ஊதவேண்டும். மூச்செடுக்கும் இடங்களைக் குறிக்கப் பென்சில் இருக்கவேண்டும், பேனை கூடாது. வால்வுக்கு அதற்குரிய எண்ணெயைத் தவிர வேறெதையும் விடக்கூடாது. கடைசி விதி, ஒரு தகப்பனார் நல்லெண்ணத்தோடு தேங்காயெண்ணெய் விட்டு ஒரு ட்ரம்பெற்றை ஊமையாக்கிய பின் சேர்த்தது. இவற்றுக்கெல்லாம் மேலாக, நாளுக்கு இருபது நிமிடம் வீட்டில் பயிற்சி செய்து, நிமிடக் கணக்கை எழுதிப் பெற்றோரின் கையொப்பத்துடன் திங்கட்கிழமை தரவேண்டும் என்று எழுதினேன். எழுதும்போது எனக்கே என் மேல் மரியாதை வந்துவிட்டது.

திங்கட்கிழமை தாள்கள் வந்தன. ஏழு நாளும் இருபது, இருபது, இருபது. ஒரே பேனை, ஒரே மை, சில தாள்களில் ஒரே கையெழுத்தும்கூட. நம்மூர்ப் பெற்றோர் எதிலும் கையொப்பமிடுவார்கள் என்பதை நான் மறந்துபோனேன். ஒரேயொரு தாளில் மட்டும் ஏழு பூச்சியங்கள் வரிசையாக இருந்தன. கீழே தாயாரின் ஒப்பம். ஒன்பதாம் ஆண்டுப் பையன், மூன்றாம் கிளாரினெற் பங்கு வாசிப்பவன். தனியே கூப்பிட்டு ஏன் என்று கேட்டேன். "சேர், கிளாரினெற் உங்கட அலுமாரிக்குள்ளதானே இருக்கு" என்றான்.

மச்சான், அலுமாரித் திறப்பு என் சட்டைப்பையில்தான் இருந்தது. வாத்தியங்கள் பாடசாலையின் பொருட்பதிவேட்டில் உள்ளவை. ஒன்று தொலைந்தால் பொறுப்பாசிரியர் பதில் சொல்லவேண்டும் என்பதால் அவை வீட்டுக்குப் போவதேயில்லை. போதாததற்கு, பதினொரு கிளாரினெற் பிள்ளைகளுக்கு ஏழு கிளாரினெற்தான். ஒன்றரைக்குப் பாடசாலை விட்டு, சோற்றுப் பொட்டலத்தை விழுங்கி, இரண்டு மணிக்கு வந்தமரும் பிள்ளை மூன்றரைக்கு ரியூசனுக்குச் சைக்கிளை எடுக்கிறது. அந்த ஒன்றரை மணித்தியாலத்துள் ஊதத் தன் முறை வருமா என்று காத்திருக்கும் பிள்ளையிடம், வீட்டில் எத்தனை நிமிடம் ஊதினாய் என்று நான் கணக்குக் கேட்டிருக்கிறேன். முப்பத்தொரு பேர் என் மானத்தைக் காப்பாற்றினார்கள். ஒருவன் மட்டும் உண்மையை எழுதினான்.

அதன் பிறகு வாத்தியமில்லாமல் எதைப் பழகலாம் என்று யோசித்தேன். இந்தப் பிள்ளைகளில் பாதிப்பேர் சங்கீதம் படிப்பவர்கள். ஐந்து கோட்டுத் தாளைக் கண்டு மிரள்பவர்கள் ஸரிகம என்றால் உடனே பாடுகிறார்கள். ஆகவே ஒவ்வொருவரும் தன் பங்கைத் தாளம் போட்டுப் பாடிக்கொண்டு, கிளாரினெற்காரர் பென்சிலின் மேல் விரல்வைத்துப் பழகவேண்டும் என்று விதியை மாற்றினேன். இதிலும் ஒரு சிக்கல் இருந்தது. கிளாரினெற்றும் ட்ரம்பெற்றும் தாளில் 'சி' என்று கண்டு ஊதினால் வெளியே கேட்பது பி பிளாற், அதாவது நம் ஆறரைக் கட்டைச் சுருதி. அல்ரோ சக்ஸபோன் அதே ஒலியை எழுப்பத் தன் தாளில் 'ஜி'யைப் பார்க்கவேண்டும். இதை அரைமணி நேரம் கரும்பலகையில் விளக்கிக் களைத்தபோது, ஒரு சிறுமி எழுந்து, "ஒவ்வொருத்தருக்கும் ஸட்ஜம் வேற, சத்தம் ஒண்டுதான், அப்பிடித்தானே சேர்?" என்று முடித்துவைத்தாள். நமக்கு இதை இப்படிச் சொல்லித்தர ஆளிருக்கவில்லை.

றீட், அதாவது ஊதுமுனையில் பூட்டும் மெல்லிய தகடு, அந்த விடயத்தில் மட்டும் நான் தோற்றுக்கொண்டிருக்கிறேன். நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் நாதஸ்வரக்காரரின் குழலில் சீவாளிகள் கொத்தாகத் தொங்குவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், கிளாரினெற்றுக்கு ஒரே றீட்டை முனை பிளந்து கறுக்கும்வரை வைத்து ஊதுகிறார்கள். அதுவும் நாணல்தான், அதையும் ஈரமாக்கி, மாற்றி மாற்றி ஆறவிட்டால்தான் குரல் தரும் என்று சொன்னால் தலையாட்டுகிறார்கள். ஆனால் விலையைக் கேட்ட பெற்றோரின் முகத்தைப் பார்த்தபின் வற்புறுத்த மனம் வரவில்லை. மண்டப வெக்கை வேறு. உள்ளே காற்றுச் சூடேற வாத்தியங்களின் சுருதியும் ஏறுகிறது. தொடக்கத்தில் சேர்த்த சுருதி இரண்டாம் உருப்படியில் இருப்பதில்லை. குழல் மூட்டைச் சற்று இழுத்துவிடு என்று நான் சைகை காட்டினால், முன்வரிசை முழுவதும் என்னைப் பார்த்துக் கையசைக்கிறது.

இனி, இக்கடிதத்தை எழுதவைத்த செய்தி. இரண்டு கிழமைக்கு முன் ஒரு சனிக்கிழமை எல்லோரும் சேர்ந்து வாசித்தபோது அந்தப் பூச்சியப் பையனைக் கவனித்தேன். விரல்கள் பிசகாமல் ஓடின; ஆனால் நீண்ட சுரத்தின் நடுவே அவன் மூக்கால் ஆறுதலாக மூச்செடுத்துக்கொண்டிருந்தான். ஊதப் பழகுகிற பிள்ளையால் அது முடியாது. பயிற்சி முடிந்ததும் அவன் றீட்டைத் தொட்டுப் பார்த்தேன்: காய்ந்திருந்தது. பிழைவிட்டால் மற்றவர்களின் வாசிப்பும் கெட்டுவிடும் என்று பயந்தானாம்.

அவனை ஏச எனக்கு வாய் வரவில்லை. காரணத்தை இத்தனை வருடமும் உனக்குச் சொல்லவில்லை. நாம் பத்தாம் ஆண்டில் இருந்தபோது நடந்த இல்ல மெய்வல்லுநர் போட்டியில், வாசலில் இருந்து கொடிக்கம்பம் வரை நான் ஒரு சுரமும் ஊதவில்லை. விரல் மட்டும் ஓடியது. அன்று மாஸ்ரர் என் முதுகில் தட்டி, மூன்றாம் கிளாரினெற்றில் இவன் பங்கில்தான் பிசகே இல்லை என்றார். பக்கத்தில் உண்மையாக ஊதி, கீச்சிட்டு, எல்லோர் முன்னிலையிலும் தலையில் குட்டு வாங்கியவன் நீ. அந்தக் குட்டில் பாதியாவது எனக்குரியது. மற்றப் பாதி உனக்குரியதுதான்; அந்தக் கீச்சு அப்படிப்பட்ட கீச்சு.

பையனிடம் ஒவ்வொரு தாள வட்டத்திலும் முதற்சுரத்தை மட்டும் ஊதச் சொன்னேன். மிகுதியை விட்டுவிடலாம், ஆனால் அந்த ஒன்று கேட்கவேண்டும். செவ்வாய்க்கிழமை அவன் ஊதிய முதற்சுரம் உன்னுடையதைப் போலவே கீச்சிட்டது. மண்டபமே சிரித்தது, அவனும் சேர்ந்து சிரித்தான். அதிபரிடம் மூன்று நாள் நடையாய் நடந்து, வெள்ளி பின்னேரம் எடுத்துத் திங்கள் காலை திருப்பித் தருவதாகப் பெற்றோர் ஒப்பமிட்டால், வாத்தியங்களை முறைவைத்து வீட்டுக்கு விடலாம் என்ற அனுமதியும் வாங்கிவிட்டேன். ஒன்று தொலைந்தால் என் ஓய்வூதியத்தைக் கேட்பார்கள், பரவாயில்லை. இந்தக் கிழமை அவனது தாளில் எழுதியிருப்பது இது: வெள்ளி 0, சனி 25, ஞாயிறு 10, அம்மம்மா நித்திரை.

மார்கழியில் உன் மைத்துனர் வருவதாக எழுதியிருந்தாய். அவரிடம் கிளாரினெற் றீட், இரண்டரை இலக்கம், பத்து உள்ள பெட்டி நான்கு கொடுத்துவிடு. சக்ஸபோனுக்குரியதை வாங்கிவிடாதே. பெட்டியின் மேல் எழுதியிருப்பதை ஒருமுறைக்கு இருமுறை வாசி. உன்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

என்றும் அன்புடன்,
மூன்றாம் கிளாரினெற்