பழைய கருவிப்பெட்டியை விறகாக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய மரக் கருவிப்பெட்டியை விறகுக்குப் போடுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. மூலைப் பொருத்துகள் ஆடாமல் இருந்தால் மூடியைக் கழற்றிவிட்டு, பெட்டியை நிமிர்த்திச் சுவரில் உறுதியாக மாட்டி, குறுக்கே இரண்டு பலகை வைத்தால் போதும், இழைப்புளி, உளி, சுத்தியல் எல்லாம் கண்ணெதிரே நிற்கும், குனிந்து துழாவ வேண்டியதில்லை. கழற்றிய மூடியில் ஆணியடித்து ரம்பங்களைத் தொங்கவிடலாம்.

சரி, பழைய பெயிண்டை மட்டும் உலர்வாகத் தேய்க்காதீர்கள், அதில் ஈயம் இருக்கலாம். சிறு துளைகளிலிருந்து வெளிறிய மாவு உதிர்ந்தால் வண்டு இன்னும் உள்ளே தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம், முதலில் மருந்து வையுங்கள். அப்புறம், முதுகுப் பலகையைச் சுற்றிலும் பசை போட்டு இறுக்காதீர்கள். ஈரக்காற்றில் மரம் அகலவாக்கில் உப்பும், காய்ந்ததும் சுருங்கும், அசைய இடமில்லாவிட்டால் பிளந்துவிடும்.

- ஒரு வாசகர்