விழும் ட்ரிப்பரைக் கழற்றுவது வைத்தியமாகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி மழைக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. நம் திருநெல்வேலிச் சீமையில் வீட்டு வயரிங் கோளாறுகளைக் கையாளும் விதம் பற்றி, குறிப்பாக, மெயின் போர்டில் இருந்து, மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டித்து 'விழும்' ஆர்.சி.சி.பி. என்னும் கருவியை, அது அடிக்கடி விழுகிறது என்ற ஒரே காரணத்துக்காகக் கழற்றிப் போடும் வழக்கம் பற்றி, தங்கள் நாளிதழ் வாயிலாகச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். நான் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்றவன். மின்பணி என் தொழில் அன்று. ஆயினும் சென்ற ஆண்டு என் வீட்டில் நடந்ததை நேரில் கண்ட பிறகு எழுதாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

பாளையங்கோட்டையில் உள்ள எங்கள் வீடு கட்டி 28 ஆண்டுகள் ஆகின்றன. பின்னாளில் மச்சில் ஓர் அறை எடுத்தபோது மெயின் போர்டை மாற்றி, நாங்கள் ட்ரிப்பர் என்று சொல்லும் அந்த ஆர்.சி.சி.பி.யையும் வைத்தோம். சென்ற ஐப்பசியில் ஓர் இரவு, நல்ல மழை. இரண்டு மணிவாக்கில் வீடு இருண்டது. எதிர் வீட்டில் விளக்கு எரிந்தது. ட்ரிப்பர் கீழே விழுந்திருந்தது, தூக்கிவிட்டால் நிற்கவில்லை. மின்சாரம் அளவுக்கு மீறினால் இணைப்பைத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்சுகள் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ட்ரிப்பரைத் தூக்கியபோதும் நிற்கவில்லை. காலையில் வந்த எலெக்ட்ரீசியன் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "இது மழை ஈரத்துக்கு இப்படித்தான் விழும், பீஸ் போயிட்டு" என்று சொல்லி அதைக் கழற்றிவிட்டு, இரண்டு துண்டு வயரால் நேராக இணைத்துக் கொடுத்துப் போனார். விளக்கு எரிந்தது, நாங்களும் நிம்மதியடைந்தோம். படித்தவனாகிய நான் அன்று ஒரு வார்த்தை கேட்காமல் இருந்ததை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

ஒரு வாரம் கழித்து, அடுப்பங்கரையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தபோது மாவைத் தள்ளிவிடப் போன என் மனைவியின் கையில் சுர்ரென்று இழுத்தது. காலில் ரப்பர் செருப்பு இருந்ததால் அந்த அளவோடு போயிற்று. வெறுங்காலோடு ஈரத்தரையில் நின்றிருந்தால் உடலில் பாயும் மின்சாரம் பல மடங்காகியிருக்கும்; அதை நிறுத்த வேண்டிய கருவியோ கழற்றப்பட்டுப் பரண்மேல் கிடந்தது.

மறுநாள் வந்தவர் முறையாக உரிமம் பெற்ற மூத்த வயர்மேன் ஒருவர். போர்டைத் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "சார்வாள், இங்க இருந்த ட்ரிப்பர் எங்க?" என்பதுதான். பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தோம். சோதித்துப் பார்த்து, அதில் பழுது ஒன்றும் இல்லை என்றார். அதை மறுபடி மாட்டிவிட்டு அவர் கோளாறைத் தேடிய விதத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் நம் ஊரில் பெரும்பாலான வீடுகளில் இந்தத் தேடல் நடப்பதே இல்லை.

ஆர்.சி.சி.பி. செய்வது ஒரே வேலை. ஃபேஸ் வழியாக வீட்டுக்குள் போகும் மின்சாரமும் நியூட்ரல் வழியாகத் திரும்பும் மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று அது ஓயாமல் ஒப்பிடுகிறது. வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டினால் 0.3 நொடிக்குள் இணைப்பைத் துண்டிக்கிறது. திரும்பி வராத அந்த மின்சாரம் ஈரச் சுவர் வழியாகவோ, எர்த் வயர் வழியாகவோ, ஒரு மனிதரின் உடல் வழியாகவோ மண்ணுக்குப் போயிருக்கலாம். நம் வீடுகளில் உள்ள சாதாரண எம்.சி.பி.கள் ஃபேஸை மட்டுமே துண்டிப்பவை. அவற்றை எல்லாம் இறக்கினாலும் நியூட்ரல் வயர்கள் நியூட்ரல் லிங்க் என்னும் பொதுப் பட்டையில் இணைந்தேதான் இருக்கும். ஆகவே எல்லா எம்.சி.பி.களும் இறங்கியிருக்கும்போதும் ட்ரிப்பர் நிற்கவில்லையென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது நியூட்ரலை. முதலில் வந்தவர் பார்க்கத் தவறியது இதைத்தான்.

மூத்தவர் மெயினை இறக்கி, லிங்க்கிலிருந்து நியூட்ரல் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, காலண்டர் தாளைக் கிழித்து எண் எழுதி ஒவ்வொன்றிலும் கட்டினார். டி.வி., ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், எல்.இ.டி. பல்புகள் எல்லாவற்றையும் பிரித்து வைக்கச் சொன்னார். வயரின் மேலுறை (இன்சுலேஷன்) பழுதில்லாமல் இருக்கிறதா என்று சோதிக்கும் மெக்கர் கருவியின் 500 வோல்ட் அவற்றைக் கெடுத்துவிடும் என்பதால். பின்பு கையால் சுற்றும் மெக்கரை ஒவ்வொரு வயருக்கும் எர்த்துக்கும் இடையே வைத்துச் சுற்றினார். இன்சுலேஷனின் மின்தடை குறைந்தபட்சம் ஒரு மெகா ஓமாவது காட்ட வேண்டும். மற்றவற்றில் முள் நன்றாக ஏறியது. மச்சுக்குப் போகும் நியூட்ரலில் மட்டும் சுழியத்தை ஒட்டியே நின்றது.

மச்சுப் படிக்கட்டுச் சுவரில் சுண்ணாம்புக்கு அடியில் மறைந்திருந்த ஒரு ஜங்ஷன் பாக்ஸைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்துத் திறந்தார். உள்ளே மூடியின் விளிம்பில் நீர்த்துளிகள். சிற்றெறும்பு கொண்டுவந்து சேர்த்த மண். இரண்டு வயர்களை முறுக்கி மேலே சுற்றிய கருப்பு டேப் பசையெல்லாம் கரைந்து கழன்று தொங்க, அதற்குள் செம்பு பச்சை பூத்திருந்தது. அந்த முறுக்கு, பக்கத்தில் ஓடிய எர்த் வயரைத் தொட்டுக்கொண்டு ஈரத்தில் கிடந்தது. மொட்டைமாடித் தண்ணீர் வயரிங் பைப் வழியாகவே அந்த பாக்ஸுக்குள் இறங்கியிருக்கிறது. அதன்பின் கிரைண்டரின் பிளக்கைப் பிரித்தார். பச்சை வயர் பிளக்கின் எர்த் பின்னுக்கு வராமல் பாதியில் வெட்டப்பட்டிருந்தது. எர்த் சரியாக இருந்திருந்தால், மோட்டாரில் கசிவு தொடங்கிய நாளிலேயே, யாரும் தொடாமலே ட்ரிப்பர் விழுந்து காட்டிக்கொடுத்திருக்கும். இரண்டையும் சரிசெய்ய அரை நாள் ஆயிற்று. அதன்பிறகு சென்ற மழைக்காலம் முழுவதும் ட்ரிப்பர் ஒருமுறைகூட விழவில்லை.

எம்.சி.பி. இருக்கிறதே, போதாதா என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். வகுப்பில் போட்ட கணக்கையே இங்கும் போடுகிறேன். 40 வாட் குண்டு பல்பு 230 வோல்ட்டில் எரிய ஏறத்தாழ 174 மில்லி ஆம்பியர் போதும். சில நொடிகள் நெஞ்சின் வழியே பாய்ந்தால், அதில் பாதியே இதயத் துடிப்பைக் குலைத்துவிடும். 16 ஆம்பியர் எம்.சி.பி.யோ 16,000 மில்லி ஆம்பியர் வரை பேசாமல் இருக்கும். அது வயர் சூடாகித் தீப்பிடிக்காமல் காக்கவென்றே வைக்கப்பட்டது. எர்த் இருந்தாலே போதும் என்போரும் உண்டு. நாங்குநேரி, இராதாபுரம் பக்கத்துப் பாறை மண்ணிலும், திசையன்விளைத் தேரி மணலிலும் கோடையில் எர்த்தின் மின்தடை எளிதில் உயர்ந்துவிடும். அது 20 ஓம் என்றே வைத்துக்கொண்டாலும், 230-ஐ 20-ஆல் வகுத்தால் 11.5 ஆம்பியர், 16 ஆம்பியர் எம்.சி.பி. விழாது, கிரைண்டரின் உடம்பிலோ மோட்டாரின் பைப்பிலோ மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். அதே எர்த்தில் ஆர்.சி.சி.பி. உடனே விழுந்துவிடும். எர்த் குழியில் கரியும் உப்பும் இட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றிவந்த பழக்கமும் குறைந்து வருகிறது. புறவாசலில் டைல்ஸ் போடும்போது குழியையும் சேர்த்து மூடிவிட்ட வீடுகள் எங்கள் தெருவிலேயே மூன்று இருக்கின்றன.

ட்ரிப்பர் விழும்போதெல்லாம் கசிவு இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மேலப்பாளையத்தில் என் மருமகன் வீட்டில், இன்வெர்ட்டர் வைத்த நாள்முதல் தார்சா விளக்கைப் போட்டால் ட்ரிப்பர் விழுந்தது. ட்ரிப்பரைக் கடந்து வரும் ஃபேஸில் எரிந்த அந்த விளக்கின் நியூட்ரலை, ட்ரிப்பருக்கு முன்னால் உள்ள நியூட்ரலோடு கலந்து விட்டிருந்தார்கள். போன மின்சாரம் அந்த வழியில் திரும்பவில்லை என்பதால் கருவி தன் கடமையைச் செய்தது. நியூட்ரலைப் பிரித்ததும் சரியாயிற்று. அங்கும் கழற்றிவிடலாம் என்றுதான் முதலில் யோசனை சொல்லப்பட்டது.

இன்னொன்று: டெஸ்டர் எரிந்தால் கரண்ட் இருக்கிறது, எரியாவிட்டால் இல்லை என்ற அளவில் நாம் நின்றுவிடுகிறோம். பிளக் பாயிண்ட்டின் இரண்டு துளையிலும் டெஸ்டர் எரிந்து, விளக்கு மட்டும் எரியாமல் இருந்தால், நியூட்ரல் எங்கோ அறுந்திருக்கிறது என்று பொருள். மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் சில விளக்குகள் கூசும்படி பளிச்சென்றும் சில மங்கலாகவும் எரிந்தால் அதுவும் நியூட்ரல் கோளாறே. அப்போது ஒரு நொடியும் தாமதிக்காமல் மெயினை இறக்கிவிட்டு, மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987-க்குச் சொல்ல வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 நாள்களை நம் மக்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது, தாமிரவருணி கரை கடந்து சிந்துபூந்துறை, கைலாசபுரம், மீனாட்சிபுரம் வீடுகளுக்குள் புகுந்தது. தண்ணீர் வடிந்தபின் சேற்றை வாரினோம், சுவருக்கு வெள்ளையடித்தோம். சுவருக்குள் ஓடும் பைப்பிலும் சுவிட்ச் பெட்டியிலும் தங்கிய வண்டலைப் பற்றி நம்மில் எத்தனை பேர் நினைத்தோம்? நீரில் மூழ்கிய போர்டுகளை வெயிலில் காயவைத்து மாட்டிக்கொண்ட வீடுகளை நான் அறிவேன். அந்த இணைப்புகளில் செம்பு மெல்ல அரித்துக்கொண்டே இருக்கும். அடுத்தடுத்த மழையில் கோளாறு வெளிப்படும். வெள்ளம் புகுந்த வீடுகள் இந்த மழைக்கு முன்பாவது மெக்கர் வைத்துப் பார்க்கப்பட வேண்டும்.

வீட்டுக்கு முதன்முதலில் இணைப்பு வாங்கும்போது வயரிங் சோதனை அறிக்கை கொடுக்கிறோம். மீட்டருக்கு இப்பால் உள்ள வயரிங் வீட்டுக்காரரின் பொறுப்பு. நான்கு விளக்கும் இரண்டு விசிறியும் இருந்த வீட்டில் இன்று ஏ.சி.யும், ஒன்றே 8.7 ஆம்பியர் இழுக்கும் 2,000 வாட் ஹீட்டரும் வந்துவிட்டன. வயர் மட்டும் அன்று போட்டதுதான். வீட்டு இணைப்புகளிலும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்புக் கருவி வேண்டும் என்று தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கட்டாயமாக்கியிருப்பது மிகவும் வரவேற்கத்தக்கது. ஆனால் வைத்த கருவி போர்டில் இன்னும் இருக்கிறதா, இருந்தாலும் வேலை செய்கிறதா என்று வீட்டுக்காரர் பார்த்தாலொழிய வேறு யாரும் பார்ப்பதில்லை.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். பேட்டை அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் எலெக்ட்ரீசியன் பிரிவில் பயிலும் மாணவர்களை, அவர்களுடைய ஆசிரியர்களின் மேற்பார்வையில், புரட்டாசி மாதத்தில் வார்டு வார்டாக அனுப்பி, 20 ஆண்டுக்கு மேற்பட்ட வீடுகளிலும் வெள்ளம் புகுந்த வீடுகளிலும் மெக்கர், எர்த் சோதனைகளைச் செய்து ஒரு சீட்டில் எழுதித் தர மாவட்ட நிர்வாகமும் மாநகராட்சியும் ஏற்பாடு செய்ய வேண்டும். மாணவர்களுக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது; கூலி கொடுத்துச் சோதிக்க இயலாத வீடுகளுக்கு அது பேருதவியாக இருக்கும்.

மற்றது, மின்வாரியத்துக்கு. ஆர்.சி.சி.பி.யில் 'டி' (T) என்று எழுதிய சிறு பொத்தான் ஒன்று உண்டு; மின்சாரம் இருக்கும்போது அதை அழுத்தினால் கருவி விழ வேண்டும், விழாவிட்டால் அது செத்த கருவி, மாற்றியாக வேண்டும். இதை அறியாத வீடுகள் ஏராளம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுத்ததும் நம் கைப்பேசிக்கு வரும் கட்டணக் குறுஞ்செய்தியோடு, "இன்று உங்கள் ட்ரிப்பரின் டி பொத்தானை அழுத்திப் பாருங்கள்" என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினால், ஆண்டுக்கு ஆறுமுறை ஒவ்வொரு வீட்டிலும் இந்தச் சோதனை நடந்துவிடும். எங்கள் வீட்டில் ரீடிங் எடுக்க வரும் அன்றைக்கே என் மனைவி அந்தப் பொத்தானை அழுத்திப் பார்த்துவிடுகிறாள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
பாளையங்கோட்டை.