வால்டேருக்கும் நமக்கும் சம்பந்தமில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வார ஞாயிறு மலரில் பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் பற்றி இரண்டு பக்கம் போட்டிருந்தீர்கள். படம் பெரிது, எழுத்தும் பெரிது. என் கண்ணுக்கு அது வசதிதான். ஆனால் 'நம் மண்ணோடு எந்தத் தொடர்பும் இல்லாத இந்தப் பிரெஞ்சுக்காரர்' என்று முதல் பத்தியிலேயே ஒரு வரி வருகிறதே, அதற்கப்புறம் எனக்குக் காபி இறங்கவில்லை.

என் வீட்டிலிருந்து பத்து நிமிஷம் நடந்தால் லல்லி தொலாந்தால் வீதி. யார் அந்த லல்லி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1760இல் வந்தவாசியில் தோற்று, மறு வருஷம் ஜனவரியில் புதுச்சேரியை ஆங்கிலேயரிடம் விட்டுக்கொடுத்த பிரெஞ்சுத் தளபதி. கைதியாக இங்கிலாந்து போனவர், ஊரில் தன்னைத் துரோகி என்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பதில் சொல்கிறேன் என்று தானாகவே பாரிசுக்குத் திரும்பி மாட்டிக்கொண்டார். 1766 மே மாதம் தலையை வெட்டினார்கள். போகிற வழியில் எதுவும் பேசிவிடக் கூடாதென்று வாயை அடைத்துத்தான் கூட்டிப்போனார்கள்.

அந்த லல்லி நம்மவர்களுக்கு நல்லவர் இல்லை. தஞ்சாவூர் மேல் படையெடுத்துப் போனபோது கோயில் பிராமணர்களை உளவாளிகள் என்று பீரங்கி வாயில் வைத்துச் சுட்டவர். முன்கோபி, முரடர் என்பது வால்டேருக்கும் தெரியும். ஆனாலும் முரட்டுத்தனம் வேறு, துரோகம் வேறு என்று, எண்பதை நெருங்குகிற வயதில், 1773இல், இந்தியாவைப் பற்றி ஒரு நூல் எழுதி அந்தத் தீர்ப்பைக் கிழித்தார். லல்லியின் மகன் விடாமல் போராடி 1778 மே மாதம் தீர்ப்பை ரத்து செய்ய வைத்தபோது, வால்டேர் சாகக் கிடந்தார். செய்தி கேட்டு, இனி நிம்மதியாகச் சாவேன் என்று அந்த மகனுக்குச் சொல்லி எழுதவைத்தார். நாலே நாளில் போய்ச் சேர்ந்தார். சாகிற மனிதர் எழுதவைத்த கடிதமே புதுச்சேரி விவகாரம். தொடர்பு இல்லையாம்!

சரி, கட்டம் கட்டிப் போட்ட பொன்மொழிக்கு வருகிறேன். 'நீ சொல்வதை நான் ஏற்கவில்லை. ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்.' இது வால்டேர் சொன்னதே இல்லை. ஈவ்லின் பியட்ரிஸ் ஹால் என்கிற ஆங்கில அம்மையார் 1906இல், வால்டேரின் மனப்போக்கு இப்படித்தான் என்று தன் வார்த்தையில் எழுதிய வரி. அந்த அம்மாவே பிற்பாடு அதை ஒப்புக்கொண்டார். இந்தத் தவற்றை நானும் செய்திருக்கிறேன், மறைக்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். ஒரு நாள் பத்தாம் வகுப்புப் பெண் எழுந்து, 'எந்தப் புத்தகத்தில் சார்?' என்று கேட்டாள். என் அரைகுறை பிரெஞ்சை வைத்துக்கொண்டு நூலகத்தில் இரண்டு மாதம் தேடினேன். கிடைக்கவில்லை. வகுப்பில் அப்படியே சொல்லி அழித்துவிட்டேன். தலைமையாசிரியர் கூப்பிட்டு, பிள்ளைகள் முன்னால் பள்ளியின் மானத்தை வாங்காதீர்கள் என்றார். அந்தப் பள்ளியின் சுவரில் அந்த வரி இன்னும் இருக்கிறது.

பொய்ச் சரக்கு விஷயத்தில் வால்டேரும் ஏமாந்தவர்தான். 'எசூர்வேதம்' என்று ஒரு கையெழுத்துப் படி இந்தியாவிலிருந்து போனது. அதை ஆதி வேதஞானம் என்று நம்பி மன்னரின் நூலகத்துக்கே கொடுத்தார். கடைசியில் பார்த்தால் அது கிறிஸ்தவச் சரக்கை வேத உறையில் போட்ட வேலை. சென்னையில் கலெக்டராக இருந்த நம் எல்லீஸ் துரைதான் புதுச்சேரிப் பாதிரிமாரிடமிருந்த ஏடுகளைப் பார்த்து அதைப் பற்றி விரிவாக எழுதினார். இங்கிருந்து போன பொய் வேதத்தை அவர் நம்பினார், அங்கிருந்து வந்த பொய் வாசகத்தை நீங்கள் நம்புகிறீர்கள். கணக்கு நேராகிவிட்டது.

இன்னொன்று. எமிலி து ஷாத்லே அம்மையாரைக் 'காதலி' என்று ஒரு சொல்லோடு முடித்துவிட்டார் கட்டுரையாளர். நியூட்டனின் பிரின்சிப்பியா என்ற இயற்பியல் நூலைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தவர் ஐயா அவர். ஷான் காலாஸ் வழக்குக்கு அரை வரி. மகனைக் கொன்றதாகப் பழி சுமத்தி ஒரு துணிக்கடைக்காரரைச் சக்கரத்தில் கட்டி எலும்பை முறித்துக் கொன்றார்கள், 1762இல். மூன்று வருஷம் சளைக்காமல் எழுதி அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வாங்கியதுதான் வால்டேரின் பெரிய காரியம் என்பது என் எண்ணம். அதற்கு இடமில்லை, அவர் நாளைக்கு எத்தனை கோப்பை காபி குடித்தார் என்பதற்கு இடம் இருந்தது.

இடம் என்றதும் ஞாபகம் வருகிறது. முன்பு ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு பற்றி நான் எழுதிய நான்கு பக்கக் கடிதத்தை 'கட்டுரை அருமை' என்று இரண்டே சொல்லாக்கிப் போட்டீர்கள். அந்த இரண்டு சொல்லும் நான் எழுதியவை அல்ல. என் பேச்சுரிமைக்காக உங்களை உயிரைக் கொடுக்கச் சொல்லவில்லை, ஆறு அங்குலம் போதும். நாற்பது வருஷ வாசகன் இதற்கு மேல் என்ன சொல்ல.

அடுத்த மலரில் ஒரு மூலையில் அந்தப் பொன்மொழிக்குத் திருத்தம் போடுங்கள். கடிதத்தை வழக்கம்போல் வெட்டினாலும் பரவாயில்லை. கீழே ஊர்ப் பெயரை மட்டும் போன தடவை மாதிரி 'பாண்டி' என்று போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
புதுச்சேரி.