வண்டியைத் தூக்கிக் கொடுக்கும் பட்டறைகளுக்கு ஒரு திறந்த மடல்

வண்டியின் உயரத்தைக் கூட்டும் லிஃப்ட் கிட் விற்கும், பொருத்தும் நண்பர்களுக்கு,

வணக்கம். தார், ஜிம்னி, பழைய பட்டை ஸ்பிரிங் ஜீப் என்று எது வந்தாலும் இரண்டு அங்குலம், மூன்று அங்குலம் தூக்கிக் கொடுக்கிறீர்கள். தூக்குவதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. தூக்கிய பிறகு, எஞ்சினின் விசையை ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணத்தை அளக்காமலேயே சாவியைக் கொடுத்துவிடுகிறீர்களே, அதற்காகத்தான் இந்த மடல். நான் ஷாஃப்ட் பேலன்ஸ் செய்கிற தொழிலில் இருப்பவன். அந்த வண்டிகளின் ஷாஃப்ட் கடைசியில் என் மெஷினுக்குத்தான் வருகிறது.

வருகிறவர்கள் சொல்வது அநேகமாக ஒன்றுதான். "லிஃப்ட் பண்ணதுல இருந்து அறுபதைத் தாண்டினா சீட்டுக்கு அடியில உதறுது, பேலன்ஸ் போயிடுச்சாம்." மெஷினில் ஏற்றிப் பார்த்தால் பேலன்ஸ் சரியாகவே இருக்கும். பேலன்ஸ் கெட்ட ஷாஃப்ட் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை உதறும். கோணம் கெட்டது இரண்டு தடவை உதறும், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் உதறலின் குணமே மாறும். இந்த வித்தியாசம் தெரியாமல் பேலன்ஸுக்கு அனுப்பினால் வாடிக்கையாளர் கொடுக்கிற காசு வீண்.

காரணம், ஷாஃப்ட்டின் இரு முனையிலும் மடங்கியபடியே சுற்ற விடும் யுனிவர்சல் ஜாயிண்ட்டின் பிறவிக் குணம். மடங்கிய நிலையில் ஒரு பக்கம் சீராக நிமிடத்துக்கு 1000 சுற்று கொடுத்தாலும் மறுபக்கம் சீராக வராது. 10 டிகிரி மடங்கினால் 985க்கும் 1015க்கும் இடையே ஏறி இறங்கும். 20 டிகிரியில் அது 940க்கும் 1064க்கும் இடையே. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை இப்படி. இந்த ஆட்டத்தை அடுத்த முனையில் இருக்கும் ஜாயிண்ட் சமன் செய்யும். ஆனால் அதற்கு இரண்டு ஜாயிண்ட்டும் ஒரே அளவு மடங்கியிருக்க வேண்டும், ஷாஃப்ட்டின் இரு முனை யோக்குகளும் (ஜாயிண்ட்டைப் பிடிக்கும் கவைகள்) ஒரே நேரில் நிற்க வேண்டும். விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் ஃபிளாஞ்ச்சும் (ஷாஃப்ட் மாட்டும் தட்டு), ஆக்சிலில் விசையை வாங்கும் பினியன் பல்சக்கரத்தின் ஃபிளாஞ்ச்சும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால்தான் மடக்கு சமமாக வரும்.

இணையாக இருந்தாலும் மடக்கின் அளவு கூடக்கூடாது, ஏனென்றால் நடுவில் இருக்கும் குழாய் அப்போதும் வேகம் மாறி மாறித்தான் சுற்றும். ஷாஃப்ட் தயாரிக்கும் ஸ்பைசர் நிறுவனத்தின் அட்டவணைப்படி 3000 சுற்றில் ஓடும் ஜாயிண்ட் 6 டிகிரிக்குள் இருக்க வேண்டும், 5000 சுற்றில் 3 டிகிரியை ஒட்டி. இப்போது உங்கள் வேலையைப் பாருங்கள். இரண்டு ஜாயிண்ட்டுக்கும் நடுவே 70 சென்டிமீட்டர் இருக்கும் ஷாஃப்ட்டில் இரண்டு அங்குலம் தூக்கினாலே ஏறக்குறைய 4 டிகிரி கூடுகிறது. நான்கு அங்குலத்துக்கு 8. வீல்பேஸ் குட்டையான வண்டிகளுக்குத்தான் இதில் அடி அதிகம்.

நான் அதிகம் பார்க்கிற தவறு ஆப்பு வைப்பது. பட்டை ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே சரிவான ஷிம் (ஆப்புத் தகடு) கொடுத்து, பினியனின் மூக்கை டிரான்ஸ்ஃபர் கேஸை நேராகப் பார்க்கும்படி தூக்கிவிடுகிறார்கள். பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் அந்த முறை டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் டபுள் கார்டன் ஜாயிண்ட் (இரண்டு ஜாயிண்ட்டை ஒன்றாகச் சேர்த்தது) போட்ட ஷாஃப்ட்டுக்கு உரியது. அங்கேதான் பினியன் நேராகப் பார்க்க வேண்டும், மிதிக்கும்போது மூக்கு மேலே எழும்பும் என்பதால் ஒன்றிரண்டு டிகிரி தாழ்த்தி. சாதாரண ஷாஃப்ட்டில் இதையே செய்தால் மேல் ஜாயிண்ட் மொத்த மடக்கையும் தாங்கும், கீழ் ஜாயிண்ட் மடங்கவே மடங்காது. அப்படி ஓடிய கீழ் ஜாயிண்ட்டின் கப்பைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே கிரீஸுக்குப் பதில் செங்கல் நிறத்தில் தூள் இருக்கும். ஊசி ரோலர்கள் உருளாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஜாயிண்ட்டின் நடுவே இருக்கும் சிலுவைத் துண்டான கிராஸின் காலில் வரி வரியாகத் தடம் பதித்திருக்கும், நகத்தால் தடவினாலே தட்டுப்படும். ஜாயிண்ட் உயிரோடு இருக்க அரை டிகிரி, ஒரு டிகிரியாவது மடங்கியாக வேண்டும். பட்டை ஸ்பிரிங்கின் முனையைச் சட்டத்தோடு இணைக்கும் ஷாக்கிளை நீளமாகப் போட்டாலும் பின்பக்கம் இதே போலத்தான் பினியன் மேலே திரும்பும், அப்போது ஷிம் எதிர்ப்பக்கமாகத் தேவைப்படலாம். அளக்காமல் எப்படித் தெரியும்?

ஜிம்னியின் முன் ஆக்சில் இன்னும் சிக்கலானது. தூக்கியதும் ஆக்சிலைச் சட்டத்தோடு இணைக்கும் ரேடியஸ் ஆர்ம் கீழே சாய்ந்து காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறையும், ஸ்டீயரிங் அலையும். காஸ்டரைத் திருப்பிக் கொண்டுவர புஷ் மாற்றி ஆக்சிலைச் சுழற்றினால் பினியனின் மூக்கு தாழ்ந்து முன் ஷாஃப்ட்டின் கோணம் மோசமாகும். ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க முடியும். எது எவ்வளவு என்று முடிவு செய்யும் உரிமை வண்டிக்காரருடையது, அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

கியர்பாக்ஸைத் தாங்கும் கிராஸ் மெம்பரை ஸ்பேசர் வைத்து இறக்குவதும் ஒரு வழிதான். ஆனால் தூக்கிச் சம்பாதித்த தரை இடைவெளியில் கொஞ்சம் அங்கேயே போய்விடும், எஞ்சின் மவுண்ட்டும் இழுபடும். அப்புறம், ஷாஃப்ட்டைக் கழற்றும் முன், அது நீண்டு சுருங்க இடம் கொடுக்கும் பல்வரிசை இணைப்பான ஸ்பிளைனின் இரு பக்கமும் பெயின்ட்டால் கோடு போடுங்கள். ஒரு பல் மாறி மாட்டினாலும் யோக்குகள் நேர் தப்பிவிடும். சக்கரம் முழுக்கத் தொங்கும்போது ஸ்பிளைன் உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதையும் பாருங்கள்.

பொதுச் சாலையில் ஓடும் வண்டியை மாற்றியமைக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வரம்பு போட்டிருக்கிறது. அதை வேலைக்கு முன்பே சொல்லிவிடுவதும் உங்கள் கடமை.

நான் கேட்பது இதுதான். காந்தம் வைத்த டிஜிட்டல் ஆங்கிள் கேஜ் ஒன்று வாங்கி வையுங்கள். வண்டி நான்கு சக்கரத்திலும் தரையில் நிற்கும்போது டிரான்ஸ்ஃபர் கேஸ் ஃபிளாஞ்ச், ஷாஃப்ட், பினியன் ஃபிளாஞ்ச் மூன்றையும் அளங்கள். ஆக்சில் தொங்கும்படி பட்டறையின் ஹாய்ஸ்ட்டில் ஏற்றி வைத்து அளந்தால் கணக்கு தப்பும். தூக்கும் முன் ஒரு தடவை, தூக்கிய பின் ஒரு தடவை. இரண்டையும் பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். திருத்தும் ஷிம், நீளம் மாற்றக்கூடிய லிங்க், தேவைப்பட்டால் டபுள் கார்டன் ஷாஃப்ட் ஆகியவற்றின் விலையையும் கிட்டின் விலையோடு சேர்த்தே சொல்லுங்கள். அதன் பிறகும் உதறினால் ஷாஃப்ட்டை மட்டும் கழற்றி அனுப்ப வேண்டாம், அந்த பில்லோடு வண்டியையே அனுப்புங்கள். சேர்ந்தே பார்ப்போம்.

இப்படிக்கு,
ஷாஃப்ட் பேலன்ஸ் செய்யும் ஒரு தொழிலாளி