திருப்பணி நிறைவு அறிக்கை: ஆலயப் பழம்பொருள் காப்பும் காட்சி அறையும்

அன்புள்ள பங்கு மக்களுக்கு,

நம் ஆலயத்தின் பழம்பொருட்களைப் பாதுகாத்து, எல்லோரும் காணும்படி வைக்கும் திருப்பணி இறையருளால் நிறைவடைந்தது. காட்சி அறை மந்திரிக்கப்பட்டுத் திறந்தாயிற்று.

முதல் வேலை, பொருள் பட்டியல். திருச்சபைச் சட்டம் 1283 இதைக் கட்டாயமாகக் கேட்கிறது. ஒவ்வொரு பொருளையும் படம் எடுத்து, அளந்து, எண் கொடுத்தோம். களவு போனால் அடையாளம் காட்ட இதுதான் துணை. பட்டியலின் ஒரு படி மறைமாவட்ட அலுவலகத்தில் இருக்கிறது.

அதிகம் சிரமம் தந்தது பழைய ஞானஸ்நானப் பதிவேடு. அது மாசிக்காயும் இரும்பு உப்பும் சேர்த்துச் செய்த மையால் எழுதப்பட்டது. அந்த மையின் அமிலம் மெல்ல மெல்லத் தாளைத் தின்றுவிடும். சில பக்கங்களில் எழுத்து இருந்த இடம் ஓட்டையாகிவிட்டது. பெயரின் ஓரம் மட்டும் நிற்கிறது. எப்போதோ ஒட்டிய செல்லோடேப்பின் பசை பழுப்பேறிக் கிடந்தது. வல்லுநர் அதைப் பொறுமையாக நீக்கி, மெல்லிய ஜப்பானியத் தாளை ஜெலட்டின் பசையால் ஒட்டினார். ஈரம் பட்டால் மை பரவும் என்பதால் தண்ணீரை மிகக் குறைவாகவே பயன்படுத்தினார். முன்னோர் பெயரைத் தேடுபவர்கள் இனி கணினியில் உள்ள படத்தைப் பார்க்கலாம். மூல ஏட்டைப் புரட்ட வேண்டாம்.

அறை ஏன் இவ்வளவு மங்கலாக இருக்கிறது என்று பலர் கேட்டீர்கள். பட்டுத் திருவுடைக்கும் தாளுக்கும் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு வெளிச்சமே உகந்தது. வெளிச்சத்தால் போன நிறம் திரும்ப வராது. அதனால்தான் திருவுடைகளைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றி மாற்றி வைக்கிறோம். மடித்தால் இழை முறியும் என்பதால் அவை படுக்கை வசத்தில் இருக்கின்றன.

வெள்ளிப் பாத்திரங்களைப் பொடி போட்டுத் தேய்ப்பதை நிறுத்திவிட்டோம். ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் வெள்ளி போகிறது, பொறித்த எழுத்தும் மழுங்குகிறது. மரச் சுரூபத்துக்குப் புது வர்ணம் கேட்டவர்களுக்கும் இதே பதில்தான்: பழைய வர்ணமே அதன் வரலாறு. சுரூபத்தை ஆக்சிஜன் நீக்கிய உறையில் வைத்து, அதில் இருந்த பூச்சியை மட்டும் ஒழித்தோம். காட்சிப் பெட்டிகள் உலோகமும் கண்ணாடியும்தான்; சில மரங்களின் அமில ஆவி ஈயம் போன்ற உலோகப் பொருட்களை அரிக்கும்.

பழைய இரசக்கிண்ணம் பெட்டிக்குள்ளேயே இருந்துவிடாது. பெருவிழாத் திருப்பலிக்கு அதை எடுப்போம். திருச்சபை அருங்காட்சியகங்கள் பற்றி வத்திக்கான் 2001இல் வெளியிட்ட சுற்றுமடலும் இத்தகைய பொருட்களை வழிபாட்டு வாழ்வோடு சேர்த்தே பார்க்கிறது. எங்களுக்கு இதில் மாற்றுக் கருத்தே இல்லை.

வரவு செலவுக் கணக்கைப் பங்கு அலுவலகத்தில் பார்வையிடலாம். அப்புறம் ஒரு வேண்டுகோள்: ஆலயத்தின் பழைய புகைப்படங்கள் வீட்டில் இருந்தால் கொண்டு வாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தந்துவிடுவோம்.

திருப்பணிக் குழு